தில்லிக்கு வருகிறீர்களா? ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

பதினான்கு வருடமாக தில்லியில் இருக்கிறேன். பள்ளி விடுமுறை வந்தால் போதும், கும்பகோணம், திருச்சி, கோவை என்று எங்கிருந்தாவது யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்வதில் எதையாவது விட்டுவிடுகிறேன். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எத்தனை நாள் வேண்டும்?

தில்லிக்கு மட்டும் முழுதாக நான்கு நாள். ஆக்ராவும் சேர்த்தால் ஐந்து. "ரெண்டு நாள்தான் இருக்கு, முடிஞ்சதெல்லாம் காட்டுங்க" என்று வருகிறவர்கள் ஊருக்குப் போனபிறகு போட்டோவைப் பார்த்துத்தான் எந்தக் கல்லறை எது என்று கண்டுபிடிக்கிறார்கள். இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் பாதி இடங்களை விட்டுவிடுங்கள், மிச்சத்தை நின்று பாருங்கள். ஒரு நாள் பழைய தில்லி, ஒரு நாள் ஹுமாயூன் கல்லறையும் லோதி தோட்டமும். குதுப் மினார் அடுத்த தடவைக்கு இருக்கட்டும், எண்ணூறு வருடமாக நிற்கிறது.

எந்த மாதம் வரலாம்?

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் மூன்றாவது வாரம் வரை. என்னைக் கேட்டால் இதற்கு ஈடாக வேறு மாதமே கிடையாது. காலையில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர், மதியம் இதமான வெயில், சாலையோரத்து முள்ளிலவ மரங்களில் இலையே இல்லாமல் சிவப்புப் பூ மட்டும். ராஷ்டிரபதி பவனில் உள்ள அம்ரித் உத்யான் தோட்டத்தையும் இந்தச் சமயத்தில் பொதுமக்களுக்குத் திறப்பார்கள். நுழைவு இலவசம், ஆன்லைனில் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

அக்டோபரும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தீபாவளியை ஒட்டி நவம்பரில் காற்று மிக மோசமாகிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களையும் கைக்குழந்தைகளையும் அப்போது அழைத்து வராதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் பனிமூட்டம். ரயில் பல மணி நேரம் தாமதமாகும், விமானம் ரத்தாகும். குளிரும் ஊட்டிக் குளிர் மாதிரி இல்லை, அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். மே, ஜூனில் 45 டிகிரியைத் தொடும், கோட்டைச் சுவரில் கை வைக்க முடியாது. நம் பள்ளி விடுமுறை சரியாக அந்த வெயிலில்தான் வருகிறது. வேறு வழியில்லாமல் மே மாதம் வந்தால் காலை ஆறரையிலிருந்து பத்து மணி, பிறகு மாலை ஐந்துக்கு மேல். நடுப்பகலில் மியூசியத்துக்குள் இருங்கள்.

குடியரசு தின அணிவகுப்பு பார்க்க ஆசை. ஜனவரி 26-ஐ ஒட்டி வரலாமா?

அணிவகுப்புக்காகவே வருவதென்றால் தாராளமாக வாருங்கள். டிக்கெட்டை ஜனவரியில் அரசே ஆன்லைனில் விற்கும். ஊர் சுற்றிப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அந்த வாரத்தைத் தவிருங்கள். ஒத்திகைக்காகச் சாலைகளை அடைப்பார்கள், சில மெட்ரோ நிலையங்களும் மூடியிருக்கும், இந்தியா கேட் பக்கமே போக முடியாது. சுதந்திர தினத்துக்கும் இதே கதைதான், செங்கோட்டையை ஆகஸ்ட் 15-க்குப் பல நாள் முன்பிருந்தே மூடிவிடுவார்கள்.

ரயிலா, விமானமா?

சென்னையிலிருந்து விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மூன்றாம் டெர்மினலில் இறங்கினால் ஏர்போர்ட் மெட்ரோ சுமார் இருபது நிமிடத்தில் புது தில்லி ரயில் நிலையத்தில் கொண்டுவந்து விடும்.

ஆனால் குழந்தைகளோடு முதல் தடவை வருகிறவர்களுக்கு, ஒரு வழியாவது ரயிலில் வாருங்கள் என்றுதான் சொல்வேன். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரவு பத்து மணிக்கு சென்ட்ரலில் ஏறினால் நடுவில் ஒரு முழுப் பகலும் இன்னொரு இரவும் போய் மூன்றாம் நாள் காலை புது தில்லி. கிட்டத்தட்ட 2,200 கிலோமீட்டர். நாக்பூர் தாண்டியதும் மாலை வெளிச்சத்தில் சாத்பூரா மலைக்காடு வரும். இந்த நாடு எவ்வளவு பெரிது என்று ஒரு பிள்ளைக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரையிலிருந்து வரும் சம்பர்க் கிராந்தி, சென்னை ராஜதானி மூன்றும் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில்தான் நிற்கும். புது தில்லி நிலையத்துக்கு வராது. அறை எடுக்கும்போது இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே தங்குவது?

மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. இது ஒன்றுதான் என் விதி. எவ்வளவு நல்ல ஹோட்டலாக இருந்தாலும் மெட்ரோவுக்கு தூரம் என்றால் தினமும் இரண்டு மணி நேரம் டிராபிக்கில் போகும்.

கரோல் பாக் நம் ஆட்களுக்குப் பழகிய இடம். ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்த பகுதி, இன்றும் இட்லி தோசைக்கு அலைய வேண்டாம். பஹார்கஞ்ச் மலிவு, ஆனால் சந்துகள் சத்தமாக இருக்கும், குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வதில்லை. கொஞ்சம் கூடச் செலவழிக்கலாம் என்றால் தெற்கு தில்லியில் கிரீன் பார்க், ஹவுஸ் காஸ் பக்கம் பாருங்கள், மஞ்சள் லைன் மெட்ரோ வாசலிலேயே.

"ஒரே நாளில் தில்லி" டூர் பஸ்ஸில் போகலாமா?

வேண்டாம். என் சித்தப்பா சித்தி வந்தபோது நான் ஊரில் இல்லாததால் அப்படி ஒரு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பதினொரு இடம் என்று போட்டிருந்தார்கள். அதில் நான்கு இடம் பஸ் ஜன்னல் வழியாக. இரண்டு இடம் கடைகள், கடைக்கு முக்கால் மணி நேரம் புடவை விரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஹுமாயூன் கல்லறைக்கு இருபது நிமிடம்தான். அந்த இடத்துக்கு இருபது நிமிடம் கொடுத்ததை என்னால் இன்னமும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

தில்லியை ஏழு நகரங்கள் சேர்ந்த ஊர் என்பார்கள். ஒவ்வொரு அரசனும் பழையதை விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டினான். தெற்கே மெஹ்ரௌலி, துக்ளகாபாத், வடக்கே ஷாஜஹான் கட்டிய ஷாஜஹானாபாத், நடுவில் ஆங்கிலேயர் கட்டிய புது தில்லி. அதனால் ஒரு நாளுக்கு ஒரு நகரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அலைச்சலும் குறையும், எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்கிற குழப்பமும் வராது.

திங்கட்கிழமை என்ன பிரச்சினை?

பெரிய பிரச்சினை. செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், காந்தி ஸ்மிருதி, ரயில் மியூசியம் எல்லாமே திங்கள் விடுமுறை. ஞாயிறு இரவு வந்து இறங்கி, மறுநாள் காலை செங்கோட்டை வாசலில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்தவர்கள் குறைந்தது ஐந்து குடும்பம். திங்களன்று குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, லோதி தோட்டம், பங்களா சாஹிப் குருத்வாரா திறந்திருக்கும், அன்றைக்கு அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். சாந்தினி சௌக் கடைகள் ஞாயிறு விடுமுறை. கரோல் பாக், சரோஜினி நகர் கடைகள் திங்கள் விடுமுறை. தாஜ்மகால் வெள்ளி. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு அப்புறம் திட்டம் போடுங்கள்.

பழைய தில்லியை எப்படிப் பார்ப்பது? கூட்டம் என்கிறார்களே?

கூட்டம்தான். அதனால் காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். மஞ்சள் லைனில் சாந்தினி சௌக் நிலையத்தில் இறங்கி மெயின் ரோட்டுக்கு வாருங்கள். 1650 வாக்கில் ஷாஜஹானின் மகள் ஜஹானாரா அமைத்த கடைவீதி இது. அப்போது நடுவில் ஒரு வாய்க்கால் ஓடியது, நிலவு அதில் தெரியும் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். இப்போது பகல் முழுக்க மோட்டார் வண்டிகளை இந்த ரோட்டில் விடுவதில்லை, நடக்க முடிகிறது.

ஒரே தெருவில் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள். செங்கோட்டைக்கு எதிரே சமணர்களின் லால் மந்திர், அதன் வளாகத்திலேயே அடிபட்ட பறவைகளுக்கு ஒரு மருத்துவமனை. அடுத்து கௌரி சங்கர் கோயில். கொஞ்சம் நடந்தால் சீஸ்கஞ்ச் குருத்வாரா. 1675-இல் ஒன்பதாவது சீக்கிய குரு தேக் பகதூரின் தலையை ஔரங்கசீப் ஆட்சியில் வெட்டிய இடத்திலேயே எழுந்தது. தெருவின் மறுகோடியில் பதேபுரி மசூதி. அதையும் தாண்டினால் காரி பாவ்லி, மசாலா மொத்த வியாபாரச் சந்தை. மிளகாய் வண்டி வரும்போது ஒட்டுமொத்தத் தெருவும் தும்மும், கர்ச்சீப் எடுத்துக்கொள்ளுங்கள். பல்லிமாரான் சந்துக்குள் உருதுக் கவிஞர் காலிப் கடைசிக் காலத்தில் இருந்த வீடு இருக்கிறது, சின்ன இடம், பத்து நிமிடம் போதும்.

பிறகு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து ஜாமா மசூதி. 1656-இல் கட்டி முடித்தது. முற்றத்தில் 25,000 பேர் தொழலாம் என்பார்கள். தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள், முழங்கால் தெரிகிற உடை வேண்டாம், செருப்பைக் கழற்ற வேண்டும். கிழக்கு வாசல் படிக்கட்டில் உட்கார்ந்து எதிரே செங்கோட்டையைப் பாருங்கள். அரசன் எந்தப் பக்கமிருந்து வந்திருப்பான் என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

செங்கோட்டையை வெளியே நின்று பார்த்தால் போதாதா?

நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். போதாது. ஷாஜஹான் 1639-இல் தொடங்கி 1648-இல் குடிபுகுந்த அரண்மனை அது. மயிலாசனம் இங்கேதான் இருந்தது, 1739-இல் நாதிர் ஷா தூக்கிப் போய்விட்டான். 1857 கிளர்ச்சியை அடக்கியபிறகு ஆங்கிலேயர்கள் உள்ளே இருந்த மாளிகைகளில் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் படைவீரர்களுக்குப் பாரக்குகள் கட்டினார்கள். பளிங்கு மண்டபங்களுக்கு நடுவே சம்பந்தமே இல்லாமல் நிற்கும் அந்த நீளமான கட்டடங்கள் அவைதான். நிறையப் பேர் அவற்றை ஏதோ ஆபீஸ் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இதில் நமக்கு நெருக்கமான ஒன்று உண்டு. 1945 நவம்பரில் இந்திய தேசிய ராணுவத்து அதிகாரிகள் ஷா நவாஸ் கான், சஹ்கல், தில்லோன் மூவரையும் விசாரித்தது இந்தக் கோட்டைக்குள்தான். அந்தப் படையில் மலேயா, பர்மா தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். இந்தியாவையே பார்த்திராதவர்களும் அவர்களில் உண்டு. "டெல்லி சலோ" என்று கிளம்பியவர்கள் போய்ச்சேர நினைத்த இடம் இதுதான். பாரக்கு ஒன்றில் 2019-இல் நேதாஜி அருங்காட்சியகம் திறந்தார்கள். என் மாமியாரின் பெரியப்பா பினாங்கிலிருந்து அந்தப் படையில் சேர்ந்தவர், திரும்பி வரவில்லை. மாமியாரை அங்கே அழைத்துப் போனபோது ஒவ்வொரு போட்டோவிலும் அவர் முகத்தைத் தேடினார். ஒன்றரை மணி நேரம் ஆனது, நாங்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

குதுப் மினாரில் மேலே ஏறலாமா?

முடியாது. 1981-இல் உள்ளே மின்சாரம் போய் நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள். அன்றிலிருந்து மூடியே இருக்கிறது. உள்ளே 379 படி, உயரம் 73 மீட்டர் சுமார். குத்புதீன் ஐபக் தொடங்கினார், இல்துத்மிஷ் தொடர்ந்தார், இடி விழுந்து உடைந்த மேல்தட்டை பிரோஸ் ஷா துக்ளக் திரும்பக் கட்டினார். மேல் அடுக்குகளில் வெள்ளைப் பளிங்கு கலந்திருப்பது அதனால்தான்.

கோபுரத்தோடு நின்றுவிடாதீர்கள். பக்கத்து மசூதித் தூண்களைக் கிட்டே போய்ப் பாருங்கள், மணியும் சங்கிலியும் பூர்ணகும்பமும் செதுக்கியிருக்கும். இருபத்தேழு கோயில்களை இடித்த கல்லால் கட்டியதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது.

அப்புறம் இரும்புத் தூண். குப்த மன்னர் இரண்டாம் சந்திரகுப்தர் காலத்தது என்பது பெரும்பாலோர் கருத்து. ஏழு மீட்டர் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, 1,600 வருடமாகத் துருப்பிடித்து அழியாமல் நிற்கிறது. மந்திரம் ஒன்றும் இல்லை. இரும்பில் பாஸ்பரஸ் அதிகம், அது மேலே மெல்லிய ஒரு படலத்தை உண்டாக்கித் துரு உள்ளே போகாமல் காக்கிறது. இதை ஆராய்ந்து விளக்கியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம். தூணைக் கட்டிப்பிடித்தால் அதிர்ஷ்டம் என்று முன்பெல்லாம் செய்வார்கள், இப்போது வேலி போட்டிருக்கிறது.

தெற்கு வாசலைத் தவறவிடாதீர்கள், அலாய் தர்வாசா. 1311-இல் அலாவுதீன் கில்ஜி கட்டியது. அவருடைய தளபதி மாலிக் கபூர் மதுரை வரை வந்து கொள்ளையடித்துக்கொண்டு தில்லி திரும்பியதும் அதே 1311-இல்தான். பள்ளிக்கூடத்தில் தனியாகப் படித்த வருடமும் கண்ணெதிரே நிற்கும் சிவப்புக் கல்லும் ஒன்றாகச் சேர்கிற இடம் அது. நான் அங்கே யாரை அழைத்துப் போனாலும் இதைச் சொல்லாமல் வருவதில்லை.

வெளியே வந்தால் நடக்கிற தூரத்தில் மெஹ்ரௌலி தொல்லியல் பூங்கா. டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. ஜமாலி கமாலி மசூதி, ராஜோன் கி பாவ்லி என்கிற படிக்கிணறு இரண்டையும் பாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்.

ஹுமாயூன் கல்லறையில் அப்படி என்ன?

தாஜ்மகாலுக்கு முன்னோடி. ஹுமாயூனின் மனைவி பேகா பேகம் கட்டுவித்தது, 1570 வாக்கில் முடிந்தது. தோட்டத்தை நான்காகப் பிரித்து நடுவில் கல்லறை வைக்கிற அந்த அமைப்பு இந்தியாவில் இவ்வளவு பெரிதாக முதலில் வந்தது இங்கேதான். 1857-இல் கடைசி முகலாயர் பகதூர் ஷா ஜாபர் ஒளிந்திருந்து பிடிபட்டதும் இங்கே. பரம்பரையின் இரண்டாவது அரசனுடைய கல்லறையில் கடைசி அரசன் பிடிபட்டான்.

மாலை நான்கு மணிக்குப் போங்கள். வெயில் சாயும்போது சிவப்புக் கல் நிறம் மாறும். அது வியாழக்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. அங்கிருந்து நடந்தே நிஜாமுதீன் தர்கா போய்விடலாம். 1325-இல் மறைந்த ஹஸ்ரத் நிஜாமுதீன் அவுலியாவும் அவருடைய சீடர் கவிஞர் அமீர் குஸ்ரோவும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். வியாழன் மாலை கவ்வாலி பாடுவார்கள். மேடை கிடையாது, முற்றத்தில் தரையில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். நம் நாகூர் தர்கா தெரிந்தவர்களுக்கு அந்தச் சூழல் அந்நியமாகவே இருக்காது. தலையில் துணி போட்டுக்கொள்ளுங்கள். சந்து குறுகல், பர்ஸ் பத்திரம். வழியில் பூக்கடைக்காரர்கள் செருப்பைக் கழற்றச் சொல்லிக் கூப்பிடுவார்கள், தர்கா வாசலுக்கே போய்க் கழற்றிக்கொள்ளலாம்.

இந்தியா கேட் பக்கம் எவ்வளவு நேரம்?

சாயங்காலம் இரண்டு மணி நேரம். இந்தியா கேட், அதன் பின்னால் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகம், அப்படியே கர்த்தவ்ய பாதையில் நடை. நினைவகத்தின் சுவரில் பெயர்கள் செதுக்கியிருக்கும், தமிழ்ப் பெயர்களும் கண்ணில் படும். அனுமதி இலவசம். ராஷ்டிரபதி பவன் உள்ளே பார்க்க ஆன்லைன் முன்பதிவு கட்டாயம், அடையாள அட்டை வேண்டும்.

பக்கத்தில் பாரத் மண்டபம் வாசலில் சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்த 27 அடி நடராசர் சிலை 2023-இலிருந்து நிற்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்து வேலை என்பதால் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் போவேன்.

மியூசியங்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

தேசிய அருங்காட்சியகம் கட்டாயம். மொகஞ்சதாரோ நடனப் பெண்ணைப் பாடப்புத்தகத்தில் பெரிய படமாகப் பார்த்திருப்பீர்கள், நேரில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், பத்தரை சென்டிமீட்டர்தான். பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். சிந்துவெளிப் பகுதி, அப்புறம் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் உள்ள பகுதி, இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம். மிச்சத்தை விட்டுவிடலாம்.

இரண்டாவது காந்தி ஸ்மிருதி. காந்தி கடைசி 144 நாள் தங்கியிருந்த பிர்லா மாளிகை. 1948 ஜனவரி 30 மாலை அறையிலிருந்து பிரார்த்தனை இடத்துக்கு அவர் நடந்த பாதையில் காலடித் தடங்களைப் பதித்து வைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே நடந்து போகலாம். காந்தியின் நினைவிடமான ராஜ்காட்டுக்குப் போகிற அளவுக்குக் கூட்டம் இங்கே வருவதில்லை. என்னைக் கேட்டால் ராஜ்காட்டை விட்டாலும் இதை விடாதீர்கள்.

குழந்தைகளுக்கு சாணக்கியபுரி ரயில் மியூசியம். குட்டி ரயிலில் ஏறிச் சுற்றலாம், பாட்டியாலா சமஸ்தானத்தின் ஒற்றைத் தண்டவாள வண்டியும் இருக்கிறது. ஐ.டி.ஓ. பக்கத்தில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் தொடங்கிய பொம்மை மியூசியமும் அவர்களுக்குப் பிடிக்கும்.

மாலையில் இசை, நாடகம் ஏதாவது பார்க்க முடியுமா?

இதைக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு, கேட்டால் எனக்கு அவ்வளவு சந்தோஷம். தலைநகரத்தில் இருப்பதன் பெரிய லாபமே இதுதான். மண்டி ஹவுஸ் மெட்ரோவில் இறங்கினால் கமானி அரங்கம், ஸ்ரீராம் சென்டர், திரிவேணி கலா சங்கம், தேசிய நாடகப் பள்ளி எல்லாம் நடக்கிற தூரம். லோதி ரோட்டில் இந்தியா ஹேபிடட் சென்டர். பல நிகழ்ச்சிகளுக்குக் கட்டணமே கிடையாது. அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு வாரத்தில் கதக், இந்துஸ்தானி, நாடகம் என்று குறைந்தது மூன்று நிகழ்ச்சி தேறும். வருவதற்கு முந்தின வாரம் அந்தந்த அரங்கத்தின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்து ஒரு மாலையை ஒதுக்கிவிடுங்கள். தேசிய நாடகப் பள்ளியின் பாரத் ரங் மஹோத்சவ் நடக்கும் குளிர்கால வாரங்களில் வந்தால் பல மொழி நாடகம் கிடைக்கும், சில வருடம் தமிழ் நாடகமும் வரும்.

இந்தி தெரியாதே என்று யோசிக்காதீர்கள். என் அத்தைக்கு ஒரு வார்த்தை இந்தி வராது. கதக் பார்த்துவிட்டு வெளியே வந்து, "சலங்கையும் தபலாவும் சண்டை போட்டுக்கிட்ட இடம் இருக்கே" என்று வீடு வரும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தார்.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு ஆகும்? நாங்கள் இலங்கையிலிருந்து வருகிறோம்.

குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை போன்ற இடங்களில் இந்தியர்களுக்கு ஐம்பது ரூபாய்க்குள்தான், 15 வயதுக்குக் கீழ் இலவசம். வெளிநாட்டவர்களுக்குப் பல மடங்கு. ஆனால் சார்க், பிம்ஸ்டெக் நாட்டுக் குடிமக்களுக்கு இந்தியக் கட்டணமேதான், இலங்கை பாஸ்போர்ட் உள்ளவர்கள் அதைக் காட்டினால் போதும். இது தெரியாமல் வெளிநாட்டவர் வரிசையில் நின்று கூடுதலாகக் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு இந்தச் சலுகை இல்லை.

உள்ளூரில் எதில் போவது?

மெட்ரோ. முதல் நாளே ஸ்மார்ட் கார்டு வாங்கிவிடுங்கள். நிலையத்துக்குள் ஒவ்வொரு தடவையும் பை சோதனை உண்டு, அதற்குப் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். ரயிலின் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும், தெரியாமல் ஆண்கள் ஏறிவிட்டால் அபராதம். காலை ஒன்பதிலிருந்து பத்தரை, மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை ராஜீவ் சௌக்கில் மாறுவதைத் தவிருங்கள், வயதானவர்களால் முடியாது. ஆட்டோவில் மீட்டர் போடுவது அரிது. போனில் ஆப் வழியாக வண்டி பிடித்தால் பேரம் பேசுகிற வேலையே இல்லை.

இந்தி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். "பையா" என்று ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது, நம் ஊரில் "அண்ணே" என்பது போலத்தான். "கித்னா" என்றால் எவ்வளவு, "நஹீன் சாஹியே" என்றால் வேண்டாம். பெரிய கடைகளில் ஆங்கிலம் போதும்.

ஏமாற்றுகிறார்கள் என்கிறார்களே?

புது தில்லி நிலையத்துக்கு வெளியே கவனமாக இருங்கள். நன்றாக உடுத்திய ஒருவர் வந்து உங்கள் ஹோட்டல் மூடிவிட்டது, டிக்கெட் செல்லாது, அரசு சுற்றுலா அலுவலகத்துக்கு வாருங்கள் என்பார். அங்கே அப்படி எந்த அலுவலகத்துக்கும் நீங்கள் போகத் தேவையே இல்லை. பதில் சொல்லாமல் நேராக மெட்ரோவுக்குள் இறங்கிவிடுங்கள். நான் முதல் தடவை வந்தபோது இப்படி ஒருவர் பின்னால் போய், ஒரு மாதச் சம்பளத்தைக் காஷ்மீர் டூருக்கு முன்பணமாகக் கட்டிவிட்டு வந்தேன். அப்போது எனக்குச் சொல்ல யாரும் இல்லை, அதனால்தான் இதை எல்லோரிடமும் சொல்கிறேன்.

சாப்பாடு? அப்பாவுக்கு சோறு இல்லாமல் முடியாது.

அசோகா ரோட்டில் ஆந்திர பவன் கேன்டீன். மதியச் சாப்பாடு, கேட்கக் கேட்கப் போடுவார்கள், பருப்புப்பொடியும் நெய்யும் உண்டு. வரிசை நீளம், பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள். இந்தியா கேட் பக்கம் சுற்றுகிற நாளில் சரியாகப் பொருந்தும். ராஜ்மா சாவல் கிடைக்கும் இடத்தில் அப்பாவுக்கு ஒரு தடவை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள், காராமணிக் குழம்பும் சோறும் மாதிரி என்று சமாதானமாகிவிடுவார்.

மற்றவர்கள் தில்லிக்கு வந்து தில்லிச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். காலையில் சோலே பட்டூரே, பழைய தில்லியில் பராத்தா சந்து, தரீபா முனையில் நெய்யில் பொரித்த சூடான ஜிலேபி. அசைவம் என்றால் ஜாமா மசூதியின் முதல் வாசலுக்கு எதிர்ச் சந்துகள், காலையிலேயே நிஹாரி கிடைக்கும். குளிர்காலத்தில் வந்தால் தௌலத் கி சாட் தேடுங்கள். பாலைக் கடைந்து எடுக்கும் நுரை அது, வாயில் வைத்ததும் காணாமல் போகும். வெயில் ஏறினால் நுரை அடங்கிவிடும், அதனால் காலையில்தான் விற்பார்கள்.

பங்களா சாஹிப் குருத்வாராவில் லங்கரில் ஒரு வேளை உட்காருங்கள். யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம், காசு கிடையாது. முடிந்தால் அரை மணி நேரம் சப்பாத்தி தேய்க்கவோ பாத்திரம் கழுவவோ உள்ளே போங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வருடாவருடம் கேட்டுப் போகிற இடம் இது.

தமிழ்க் கோயில் இருக்கிறதா?

ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர், உத்தர சுவாமிமலை. சின்னக் குன்றின்மேல் கருங்கல்லில் கட்டிய முருகன் கோயில், 1973-இல் கும்பாபிஷேகம் ஆனது. செவ்வாய்க்கிழமை மாலையில் போனால் பூக்காரரிடமே தமிழில் பேசலாம். அருகில் 1946-இல் தொடங்கிய தில்லித் தமிழ்ச் சங்கம், நூலகமும் அரங்கமும் உண்டு.

தாஜ்மகால் ஒரே நாளில் முடியுமா?

முடியும். நிஜாமுதீனிலிருந்து காலை எட்டு மணி சுமாருக்குக் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் நூறு நிமிடத்தில் ஆக்ரா போய்விடும், மாலையில் அதே வண்டி திரும்பும். வெள்ளிக்கிழமை ஓடாது, தாஜும் மூடல். ஆக்ரா கோட்டைக்கும் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் ரயில் இரவில்தான். பகலில் என்ன செய்யலாம்?

பெட்டியை நிலையத்துப் பொருள் பாதுகாப்பு அறையில் வைத்துவிடுங்கள், பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள். காலை லோதி தோட்டம், நுழைவு இலவசம், ஐந்நூறு வருடக் கல்லறைகளுக்கு நடுவே மக்கள் வாக்கிங் போய்க்கொண்டிருப்பார்கள். ஞாயிறாக இருந்தால் தர்யாகஞ்ச் பழைய புத்தகச் சந்தை, இப்போது மகிளா ஹாட்டில் நடக்கிறது. மற்ற நாளில் ஐ.என்.ஏ. மெட்ரோவை ஒட்டிய தில்லி ஹாட், பல மாநிலக் கைவினைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் ஒரே வளாகத்தில். முதலில் சொன்ன விலையில் பாதியிலிருந்து பேசுங்கள். மாலை ஆறரைக்கு அங்கிருந்து கிளம்பினால் மஞ்சள் லைனில் நேராகப் புது தில்லி நிலையம், அஜ்மேரி கேட் பக்கம் ஏறுவீர்கள். உங்கள் ரயில் முதல் பிளாட்பாரம் பக்கம் என்றால் மேம்பாலம் நீளம், பெட்டியோடு கடக்க இருபது நிமிடமாவது வேண்டும்.